ஓடிய கிலோமீற்றரை உள்ளபடி எழுதித் தாருங்கள்: கொழும்பு வாகன வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வணிகப் பெருமக்களுக்கு,

வணக்கம். பாவித்த டீசல் ஜீப்புகளை, அதிலும் விலை கூடிய சொகுசு ரகங்களை, கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் விற்கும் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். திருகோணமலையில் கராஜ் வைத்திருப்பவன் நான். நீங்கள் விற்றவை பழுதானால் வந்து நிற்பது என்னைப் போன்றவர்களின் வாசலில்தான். ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்ட மீற்றர் சுற்றுவது என்றால் என்ன, அதை யார் செய்து கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் நீங்கள் அறியாததல்ல. ஆகவே நேரே விடயத்துக்கு வருகிறேன்.

உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்தும் ஒரு தம்பி, மனைவியின் நகையை அடகு வைத்து, மிச்சத்துக்கு லீசிங் எடுத்து, உங்களில் ஒருவரிடம் ஆறு சிலிண்டர் டீசல் ஜீப் ஒன்று வாங்கினார். மீற்றரில் இருந்தது 92,000. சேர்விஸ் புத்தகம் கேட்டதற்கு, முதல் உரிமையாளர் வெளிநாடு போய்விட்டார், புத்தகம் தொலைந்துவிட்டது என்று பதில் கிடைத்திருக்கிறது. எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றியதா என்று கேட்டிருக்கிறார். இந்த ஓட்டத்துக்கு இன்னும் தேவையில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

போன மாதம் இதய நோயாளியான தன் அம்மாவைக் கண்டி வைத்தியசாலைக்குக் கிளினிக் காட்டக் கூட்டிக்கொண்டு விடியப்புறம் மூன்று மணிக்குப் புறப்பட்டார். கந்தளாய் தாண்டி, கல்லோயாச் சந்திக்கும் ஹபரணைக்கும் இடையில் பெல்ட் அறுந்தது. எஞ்சின் நின்றதும் ஸ்டியரிங் இறுகியது, பிரேக்கும் கல்லாகியது. எப்படியோ ஓரத்துக்கு எடுத்துவிட்டார். அந்த வீதியில் இருட்டில் நிற்பது எப்படியென்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் காடு, யானை கடக்கும் இடம். கண்ணாடியை இறக்கினால் பயம், ஏற்றினால் மூச்சு முட்டும். அம்மாவுக்கு நெஞ்சு படபடக்க, நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசையைக் கொடுத்துவிட்டு எனக்குத்தான் போன் எடுத்தார். ஆறுதல் சொல்வதைத் தவிர நான் என்ன செய்ய? கடைசியில் மரக்கறி ஏற்றிப்போன லொறிக்காரர் ஒருவர் நிறுத்தி, வெளிச்சம் வரும்வரை ஹெட்லைட்டைப் போட்டுக் காவலிருந்தார். கிளினிக் தவறியது. அடுத்த திகதி மாதக்கணக்கில் தள்ளிப் போய்விட்டது.

வாகனத்தைக் கரியர் லொறியில் ஏற்றிவந்து கழற்றினேன். பிஸ்டனில் மோதி வால்வுகள் வளைந்து கிடந்தன. அறுந்த பெல்ட் தொழிற்சாலையில் போட்ட அதே பெல்ட். சந்தேகத்தில் ஸ்கேனரை மாட்டி கியர்பொக்ஸ் கொம்பியூட்டரைப் படித்தேன். அதன் நினைவில் இருந்தது 231,000 கிலோமீற்றர். டாஷ்போட்டைத் திருத்தியவர் அதைத் தொட மறந்துவிட்டார். பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்ததையாவது மாற்றியிருக்கலாம்.

ஐயா, 231,000 ஓடியது குற்றமில்லை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன். ஒழுங்காக ஒயில் மாற்றி, பெல்ட் மாற்றி, எழுதி வைத்த வாகனம் 300,000 தாண்டியும் என் கராஜுக்குச் சும்மா சேர்விஸுக்கு வந்து போகிறது. பொய்யாக 92,000 காட்டும் வாகனத்தைவிட, உண்மையாக 231,000 காட்டும் வாகனத்தையே நான் என் தம்பிக்கு வாங்கிக் கொடுப்பேன். எண் தெரிந்தால் எதைப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். எண் பொய்யானால் எங்கள் கை கட்டப்பட்டுவிடுகிறது.

ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2002இல் வந்த 120 ரக டொயோட்டா பிராடோவின் 3 லீற்றர் டீசலில், டீசலைப் பீச்சும் இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செப்பு வாஷர் காலப்போக்கில் கசியும். எரிந்த வாயு ஒயிலுக்குள் இறங்கிக் கரி கட்டும். அந்தக் கரி, எஞ்சினுக்கு அடியில் ஒயில் தேங்கும் சம்பில் இருக்கும் வடியை அடைத்தால் ஒயில் ஏறாது, எஞ்சின் இறுகிப்போகும். ஓட்டம் தெரிந்தால் வாஷரை முன்கூட்டியே மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை. அதே வாகனத்தில் 150,000 கிலோமீற்றரில் டைமிங் பெல்ட்டுக்கு என்றே ஒரு விளக்கு எரியும். பெல்ட்டை மாற்றாமலே அந்த விளக்கை அணைத்துவிடலாம் என்பதும் உங்களுக்குத் தெரியும். 2004இல் வந்த லாண்ட் ரோவர் டிஸ்கவரி 3இன் 2.7 லீற்றர் டீசலில் முன்னால் ஒரு பெல்ட், பின்னால் டீசல் பம்புக்கு இன்னொரு பெல்ட். முன்னதை மாற்றிவிட்டுப் பின்னதை விட்டவர்கள் உண்டு. எதை, எப்போது மாற்றினார்கள் என்ற ஒரு வரி குறிப்பு இருந்தால் போதும்.

ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகளில் வாகனத்தைத் தாங்கும் ஏயர் சஸ்பென்ஷன் இன்னொரு தலையிடி. ரப்பர் பை வெடித்துக் காற்றுக் கசிந்தால் கொம்பிரசர் ஓயாமல் ஓடி எரிந்துபோகும். எங்கள் கடற்காற்று உப்பும் சேர்ந்து உயரம் பார்க்கும் சென்சர்களை அரித்துவிடுகிறது. காலையில் ஒரு பக்கம் சரிந்து நிற்கும் ஜீப்பை விற்கும் நாளில் மட்டும் நிமிர்த்தி வைக்க வேண்டாம். 2022இல் டீசல் இல்லாமல் பீப்பாயிலும் கானிலும் பிடித்து வைத்து ஊற்றினோமே, அப்போது தண்ணீர் கலந்து எத்தனை இன்ஜெக்டர்கள் போயின! 1,600 பார் அளவு அழுத்தத்தில் வேலை செய்யும் பொருளுக்குத் துளி நீரும் நஞ்சு. அந்த வரலாறும் வாங்குபவருக்குத் தெரிய வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திறந்தபோது வரியைக் கேட்டே சனம் பின்வாங்கியது. இடையில் பழைய வாகனங்கள்தான் கைமாறின, விலையும் ஏறியது. அந்த இலாபத்தில் எங்களுக்குப் பொறாமை இல்லை. ஆனால் வாகனக் கொம்பியூட்டரில் ஒரு சின்ன கோடிங் செய்வதற்கும் கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர் கொழும்புக்கு ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒரு சென்சருக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு ஆள் அனுப்ப வேண்டும். பயிற்சி, கருவி, மென்பொருள் எல்லாம் அங்கேயே இருக்க, இங்கே திறமையுள்ள பெடியன்கள் யூடியூப்பைப் பார்த்துப் பழகுகிறார்கள். எல்லாமே கொழும்பில் என்றால், கிழக்கில் வாகனம் வாங்குபவன் இந்த நாட்டுக்காரன் இல்லையா?

மன்னிக்க வேண்டும், கோபத்தில் பாதை மாறிவிட்டேன். அந்தக் குறைகளை நீங்கள் தீர்க்க முடியாது. நான் கேட்பது உங்கள் கையில் இருப்பதை மட்டும்.

விற்பனைப் பற்றுச்சீட்டிலேயே ஓடிய கிலோமீற்றரை உள்ளபடி எழுதிக் கையொப்பமிட்டுத் தாருங்கள். சேர்விஸ் பதிவு இருந்தால் வாகனத்தோடு தாருங்கள், இல்லையென்றால் இல்லை என்று எழுதித் தாருங்கள். வாங்குபவர் தன் மெக்கானிக்கைக் கூட்டிவந்து ஸ்கேனர் மாட்டிப் பார்க்க அரை மணித்தியாலம் விடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வாங்குபவரை ஏமாற்றும் நடத்தையைத் தடை செய்திருப்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த அதிகாரசபையின் படியை ஏறாமல் தீர்த்துக்கொள்ளவே விரும்புகிறோம்.

அந்தத் தம்பியின் ஜீப் இன்னும் என் கராஜில் கட்டை மேல் நிற்கிறது. லீசிங் மாதாமாதம் போகிறது. அதை விற்றவர் இதை வாசித்தால், தயவுசெய்து அவருடைய போனை ஒருமுறை எடுத்துப் பேசுங்கள். எஞ்சின் வேலைச் செலவில் உங்கள் பங்கு என்ன என்பதை நேரில் பேசித் தீர்க்கலாம்.

பணிவுடன்,
திருகோணமலையிலிருந்து ஒரு மெக்கானிக்