மாதவி ஆடிய அரங்கின் அளவு

ஆசிரியருக்கு,

பண்டைய உலகின் நாடக அரங்குகள் பற்றிய உங்கள் கட்டுரையில் கிரேக்கப் பகுதி நன்றாக வந்திருக்கிறது. ஆனால் மாதவியின் அரங்கை '7 அடி அகலம், 8 அடி நீளம்' என்று அச்சிட்டது பெரும்பிழை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் அடிக்கணக்கே கிடையாது. எல்லாம் கோல் கணக்கு. கணுவுக்குக் கணு ஒரு சாண் வளர்ந்த மூங்கிலில் 24 விரல் அளந்து எடுத்தது ஒரு கோல். அகலம் 7 கோல், நீளம் 8 கோல், தரையிலிருந்து உயரம் 1 கோல், அரங்கின் பலகைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4 கோல்.

கோலை அடி என்று கொண்டால் அந்தக் கடைசி அளவிலேயே கணக்கு உடைந்துவிடும். அரங்கின் பலகையிலிருந்து 4 அடியிலேயே உத்தரம் என்றால் மாதவி நிமிர்ந்து நிற்கக்கூட முடியாது. சாதாரண விரலை முக்கால் அங்குலமாக வைத்தாலும் உத்தரம் 6 அடியில் நிற்கும். தலைக்கோலத்தோடு கையை உயர்த்தினால் இடிக்கும். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் அந்த விரலைப் பெருவிரல் என்றே விளக்குகிறார். பெருவிரல் அகலம் ஏறத்தாழ ஓர் அங்குலம், ஆகவே கோல் 2 அடி. அரங்கு 14க்கு 16 அடி, உயரம் 2 அடி, உத்தரம் 8 அடி மேலே. குழல், யாழ், தண்ணுமை, முழவு, ஆமந்திரிகை என்னும் இடக்கை இசைப்போரும், ஆடலில் மூத்த தோரிய மகளிரும் நின்றது போக ஆடவும் இடம் இருக்கும். 56 சதுர அடியில் இத்தனை பேரை எப்படி நிறுத்துவது?

24 விரல் கணக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. வடமொழி நூலான நாட்டிய சாத்திரத்தின் முழம் என்பதும் 24 விரல்தான். நடுத்தர நீள்சதுர நாடகசாலைக்கு அது விதிப்பது 64க்கு 32 முழம். அதைவிடப் பெரிதாகக் கட்டினால் பேச்சு தெளிவிழக்கும், முகபாவம் கண்ணுக்கு எட்டாது என்று காரணமும் சொல்கிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்த எபிடாரஸ் போன்ற கிரேக்க அரங்கில் நடிகர்கள் முகமூடி அணிந்தே ஆடினார்கள். கண்ணும் புருவமும் பேசும் ஆட்டத்துக்குச் சிறிய அரங்கே பொருந்தும்.

கட்டுரையில் உள்ள மாதவி அரங்கின் படத்திலும் ஒரு தவறு. விளக்குகளை மேடைக்கு முன்னால், தூண்களுக்கு வெளியே வரைந்திருக்கிறீர்கள். அங்கே வைத்தால் இரண்டு தூண்களின் நிழலும் நீளமாக ஆடுமிடத்தில் விழும். பின்னால் வைத்தால் அவையினர் மேல் விழும். 'தூண்நிழல் புறப்பட' விளக்கெடுக்கச் சொல்கிறார் இளங்கோ. முன் தூண்களின் உட்பக்கத்தை ஒட்டி, அவற்றின் வரிசையிலேயே வைத்துப் பாருங்கள்: நிழல் பக்கவாட்டில் வெளியே போய்விடும்.

ஒருபுறமிருந்து இழுக்கும் ஒருமுக எழினி, இருபுறமிருந்தும் வந்து கூடும் பொருமுக எழினி, மேற்கட்டாகத் தொங்கும் கரந்துவரல் எழினி என்ற மூன்று திரைகளில் படத்தில் ஒன்றுதான் இருக்கிறது. வாயிலும் இரண்டு வேண்டும். அளவோடு படத்தையும் திருத்தி வெளியிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் மாதிரி அரங்கம் செய்வார்கள்.

– வாசகர், தஞ்சாவூர்