கரிஸ்மாவுக்குப் பதில் கரிஸ்மா

தக்கலை,
ஐப்பசி, 2025.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் தீபாவளி கழிந்த இரண்டாம் நாள் கிடைத்தது. மூன்று பக்கத்தில் இரண்டரைப் பக்கத்தை வண்டிக்குக் கொடுத்துவிட்டு, மகளுக்கு வரன் அமைந்த செய்தியைக் கடைசி நான்கு வரியில் ஒதுக்கி வைத்திருக்கிறாய். வீட்டில் வாசித்துக் காட்டியபோது என் மனைவி, "மாப்பிள்ளை என்ன வண்டி ஓட்டுகிறாராம்? அதைத்தானே முதலில் விசாரித்திருப்பார்" என்று கேட்டாள். கல்யாணத்துக்கு இருவரும் கட்டாயம் வருகிறோம். ரயிலில்தான் வருவோம் என்பதையும் இப்போதே எழுதிவிடுகிறேன். அதற்கான காரணம் கீழே உள்ளது.

இருபது ஆண்டு ஓடிய கரிஸ்மா மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு, அதே பெயரில் வந்திருக்கும் எக்ஸ்எம்ஆர் என்ற புதிய வண்டியை வாங்கினால் அந்த இடம் நிரம்புமா என்று கேட்டிருக்கிறாய். வேறு யாராவது கேட்டிருந்தால் 'நிரம்பும்' என்று ஒரு சொல்லில் முடித்திருப்பேன். நாகர்கோவிலில் ஒரே வாரத்தில், ஒரே நிறத்தில், நீயும் நானும் வாங்கிய வண்டிகள் அவை. உன்னுடையது கோயம்புத்தூருக்குப் போனபிறகும் டிஎன் 74 என்ற நாகர்கோவில் பதிவெண்ணை மாற்றாமல் வைத்திருக்கிறாய். ஆகையால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எனக்கும் இந்தக் கேள்வி கழுத்துக்கு வந்து நிற்கிறது. 2005-இல் பதிவான வண்டிக்கு 2020-இல் 15 ஆண்டு முடிந்து, ஐந்தாண்டுக்கு ஆர்.சி. என்ற பதிவுச் சான்றைப் புதுப்பித்தோம் அல்லவா? அந்த ஐந்தாண்டும் இப்போது தீர்ந்துவிட்டது. இருபது ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிளுக்கு மறுபதிவுக் கட்டணத்தை இந்த ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். பசுமை வரி அது போகத் தனி.

நல்லவேளையாக, புதிய வண்டியைப் பற்றி நான் கேள்விப்பட்டதை வைத்து எழுத வேண்டியதில்லை. என் மைத்துனன் சென்ற ஆண்டு ஓர் எக்ஸ்எம்ஆர் வாங்கினான். இந்த ஆண்டு ஆனி, ஆடி இரண்டு மாதமும் மஸ்கட்டில் வேலை என்று கிளம்பியபோது, சும்மா நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடும் என்று சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அந்த இரண்டு மாதமும் ஒருநாள் பழையது, ஒருநாள் புதியது என்று மாற்றி மாற்றி ஓட்டினேன். வீட்டு முற்றத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதைப் பார்த்து, மாமனும் மருமகனும்போல் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

கணக்கில் பார்த்தால் பழையதற்கு வாயே இல்லை. நம் வண்டி 2003-இல் வந்த வடிவம். 223 சிசி, காற்றால் குளிரும் என்ஜின், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் பழைய கார்புரேட்டர், ஐந்து கியர், ஏறக்குறைய 17 குதிரைத்திறன். எக்ஸ்எம்ஆர் 2023 ஆகஸ்டில் வந்தது. 210 சிசிதான், ஆனால் தண்ணீரால் குளிர்வது, ஆறு கியர், 25.5 குதிரைத்திறன், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இரண்டு சக்கரத்துக்கும். எடை 163.5 கிலோ, நம்முடையதைவிடப் பத்துப் பதின்மூன்று கிலோ கூடுதல் என்றாலும் தள்ளும்போது மட்டும்தான் அது தெரிகிறது. கைப்பேசியோடு இணைத்தால் மீட்டரிலேயே வழி காட்டும். தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு எனக்கு யாரும் வழி காட்ட வேண்டியதில்லை என்பதால் அதை நான் இணைக்கவே இல்லை.

நீ ஓட்டப் போவது பெருவழியில் என்பதால் அந்த அனுபவத்தை முதலில் சொல்கிறேன். ஆனி மாதம் ஒரு ஞாயிறு விடியலில் தனியாக மதுரைக்குக் கிளம்பினேன். தோவாளையில் பூச்சந்தைக் கூட்டத்தைக் கடந்து, ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்து, காவல்கிணற்றில் நான்குவழிச் சாலையில் ஏறியதும் அந்த வண்டி விழித்துக்கொண்டது. ஆறாவது கியரில் தொண்ணூறு, நூறு என்று போகும்போது கைப்பிடியில் நடுக்கம் இல்லை. பழையதில் எண்பத்தைந்தைத் தாண்டினால் இப்போதெல்லாம் கால்வைக்கும் இடம் வழியாக நடுக்கம் ஏறி, திருநெல்வேலி வருவதற்குள் பாதம் மரத்துப்போகும். புதியதில் முன்கண்ணாடியை உயர்த்தி வைத்துக்கொண்டால் காற்று நெஞ்சில் அறையாமல் தலைக்கு மேலே போய்விடுகிறது. மதுரையில் இறங்கியபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது என்பது நினைவில் இல்லை. பழைய வண்டியில் அதே தூரம் போன ஒவ்வொரு முறையும் அது மிக நன்றாக நினைவிருக்கும்.

ஒரே ஒரு குறை. நம் டாங்க் 15 லிட்டர். இதற்கு 11 லிட்டர்தான். எனக்குப் பழையதில் லிட்டருக்கு முப்பத்தேழு கிலோமீட்டர்வரை கிடைக்கும் என்பதால், தக்கலையில் நிரப்பிவிட்டு மதுரைக்குப் போய், வழியில் மறுபடி நிரப்பாமலே திரும்பி வந்த நாட்கள் உண்டு. இதில் திரும்பும் வழியில் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி நிரப்பினேன். இருநூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை தேநீர் குடிக்கிறவனுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. நீ நூறுக்கு ஒருமுறை குடிக்கிறவன்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடி மாதம் முப்பந்தலில் காற்றாடிகளை நிற்கவிடாமல் சுழற்றும் காற்று எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். முன்பு ஒருமுறை உன் வண்டி சாலையின் நடுக்கோடுவரை தள்ளப்பட்டதும், எதிரே வந்த பேருந்துக்காரர் உன் பரம்பரையையே வாழ்த்திவிட்டுப் போனதும் மறந்திருக்காது. புதிய வண்டி பக்கவாட்டு முழுவதும் உறை போர்த்தியது. காற்றுக்கு அங்கே பிடித்துத் தள்ள இடம் அதிகம். சக்கரம் அகலம், எடை கூடுதல் என்று நம்பிப் போனேன். கணவாயின் வாய்க்கு வந்ததும் வண்டியைச் சாய்த்துப் பிடித்தபடி நேராகப் போகும் அந்தப் பழைய வித்தையைத்தான் இதிலும் செய்ய வேண்டியிருந்தது. ஒரு மணல் லாரியின் மறைவில் போய் அதைத் தாண்டி வெளியே வந்த கணத்தில், இருபது ஆண்டு அனுபவம் கைக்கு உதவியது என்று சொன்னால் மிகையில்லை.

அடுத்து மழை. வேகத்தையும் திறனையும் விட்டுவிட்டு, இந்த ஒன்றுக்காகவே புதிய வண்டியை வாங்கலாம் என்று எனக்குத் தோன்றியது. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகும் சாலையில் ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய வளைவுகளில், மழைக்காலத்தில் நனைந்த இலை ஒட்டிக் கிடக்கும். நான்கு ஆண்டுக்கு முன்பு அங்கே ஒரு நாய் குறுக்கே வந்தபோது, பதற்றத்தில் பின் பிரேக்கை அழுத்தி மிதித்துவிட்டேன். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, வண்டி எனக்கு முன்னால் போக, நான் அதன் பின்னால் உட்கார்ந்தபடியே வழுக்கிக்கொண்டு போனேன். தவறு என் காலுடையதுதான். இடது முட்டி அன்றிலிருந்து ஐப்பசி பிறப்பதை எனக்கு முன்கூட்டியே தெரிவிக்கிறது. இந்த ஆனியில் அதே வளைவுக்கு, மைத்துனனின் வண்டியில், ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். வேண்டுமென்றே நாற்பதில் வந்து பின் பிரேக்கை முழுதாக மிதித்தேன். காலுக்கடியில் கடகடவென்று ஒரு துடிப்பு. சக்கரம் பூட்டப் போகும் ஒவ்வொரு முறையும் அழுத்தத்தைத் தளர்த்தி மறுபடி பிடிக்கிறது. வண்டி கோடு போட்டதுபோல் நேராக நின்றது. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா இரு சக்கர வண்டிக்கும் 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம் ஆனபோது, விலையைக் கூட்டுவதற்கு ஒரு சாக்கு என்று நாம் இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டோமே, அந்தப் பேச்சை நான் இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இவ்வளவும் வாசித்தபிறகு நான் புதியதுக்கு முன்பணம் கட்டியிருப்பேன் என்றுதான் நினைப்பாய். கட்டவில்லை.

தக்கலையிலிருந்து மார்த்தாண்டம்வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் உனக்கே புரியும். நம் மாவட்டத்தில் ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குவதற்கு இடையே வெற்றிடம் என்று ஒன்று இல்லை. வீடு, கடை, பள்ளிக்கூடம், குருசடி, கோயில் வளைவு, மறுபடி வீடு. கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் டாரஸ் லாரிகளின் வால்பிடித்துத்தான் ஊர்ந்தாக வேண்டும். 2018-இல் திறந்த மார்த்தாண்டம் மேம்பாலத்தின்மேல் மட்டும் சற்று மூச்சு விடலாம். இந்தச் சாலையில் வண்டிக்கு வேண்டியது முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையே, கியரை மாற்றாமல் இழுக்கும் இழுவை. புதிய என்ஜின் தன் முழுத் திறனையும் நிமிடத்துக்கு 9,250 சுற்றில் காட்டுகிறது. இழுவையின் உச்சமே 7,250 சுற்றில்தான். நம்முடையது 7,000 சுற்றிலேயே திறன் முழுவதையும் கொடுத்து முடித்துவிடும். இழுவை 6,000-க்குள் வந்துவிடும். ஆகவே நம் ஊர்ச் சாலையில் நான் புதியதில் இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு என்று கால் ஓயாமல் கியர் மாற்றிக்கொண்டிருந்தேன். பழையதில் மூன்றிலோ நான்கிலோ போட்டுவிட்டு, லாரிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்த அந்த இரண்டு நொடியில் கைப்பிடியை முறுக்கினால் போதும். பெருவழிக்காகச் சமைத்த வண்டியைச் சந்துக்குள் ஓட்டிவிட்டுக் குறை சொல்வதாக நினைக்காதே. என் ஓட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு அந்தச் சந்துதான்.

இன்னொரு காரணம் என் மனைவி. புதியதன் பின்னிருக்கை தனியாகப் பிரிந்து, உயர்ந்து, ஒடுங்கி இருக்கிறது. சேலை கட்டி ஒருபக்கமாக உட்காருகிறவர்களை நினைத்து அதை யாரும் வரையவில்லை. ஒரே ஒருமுறை ஏறினாள். பத்மநாபபுரம் கோட்டை வாசல்வரை போவதற்குள் இறங்கி, ஆட்டோ பிடித்து வீடு திரும்பினாள். பழையதில் இருபது ஆண்டாக முட்டத்துக்கும் திற்பரப்புக்கும் மருத்துவமனைக்கும் பின்னால் இருந்து வந்தவள், கம்பியைப் பிடித்து ஏறுவதற்கு எந்தப் படியில் கால் வைக்க வேண்டும் என்பதை இருட்டிலும் அறிவாள்.

பழையதை வைத்துக்கொள்வது சுலபம் என்று நான் சொல்லவில்லை. பெட்ரோலில் எத்தனால் இப்போது 20 விழுக்காடு. கார்புரேட்டர் வண்டியின் ரப்பர்க் குழாயும் வாஷரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதோடு எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நம் ஊர்க் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு வாரம் ஓட்டாமல் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பதை வடித்துவிடச் சொல்லியிருக்கிறார் நம் மெக்கானிக் அண்ணாச்சி. கைப்பிடித் தண்டு திரும்பும் இடத்தில் உள்ள கோன் செட் இரண்டாம் முறை மாற்றியாயிற்று. என்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயின் காலையில் ஐந்து நிமிடம் முணுமுணுத்துவிட்டுத்தான் அடங்குகிறது. இத்தனை வயதான வண்டிக்குப் பாகம் தேடுவது, பழைய பத்திரத்துக்கு மூலப்பத்திரம் தேடுவதுபோல். ஆனாலும் அண்ணாச்சி ஒரு ஸ்பேனரையும் தன் காதையும் வைத்துக்கொண்டு அதைச் சரிசெய்துவிடுகிறார். மைத்துனனின் வண்டியை அவரிடம் காட்டியபோது, சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு வாயில்லை மக்கா, கம்ப்யூட்டர் வச்சுத்தான் கேக்கணும்" என்றார்.

ஆகவே நான் 2,000 ரூபாயைக் கட்டி இன்னும் ஐந்தாண்டுக்கு ஆர்.சி. புதுப்பிக்கிறேன். ஏபிஎஸ் இல்லாத குறைக்கு ஈடாக, மழையில் வண்டியை எடுப்பதில்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்த மாதம் வாரத்தில் ஐந்து நாள் பேருந்தில்தான் போகிறேன். உன் மகளின் கல்யாணத்துக்கு ரயிலில் வருவதும் அதனால்தான்.

நீ வாங்கிவிடு. மாதம் இருமுறை தனியாகப் பெருவழியில் முந்நூறு கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு, முதுகுக்கும் உயிருக்கும் பழையதைவிட அது நல்லது; இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. டோமினார் 400 என்ற பெரிய வண்டியை வாங்கலாமா என்றும் ஓரத்தில் கேட்டிருந்தாய். 350 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு ஜிஎஸ்டி செப்டம்பர் 22 முதல் 28-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. அதற்கு மேற்பட்டதற்கு 40. டோமினார் 373 சிசி. கல்யாணச் செலவு முன்னால் நிற்கும் ஆண்டில் அதை ஓரத்திலேயே விட்டுவிடு.

ஒரே ஒரு வேண்டுகோள். உன் பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதே. அவர்கள் தரும் தொகைக்கு ஒரு நல்ல பட்டுச்சேலைகூட வராது. கோவையிலிருந்து நாகர்கோவிலுக்கு வரும் ரயிலில் பார்சல் போட்டுவிடு. பெட்ரோலை முழுவதும் இறக்கிவிட்டு, ஆர்.சி. நகலையும் அடையாள அட்டையையும் கொண்டுபோனால் ஏற்றிக்கொள்வார்கள். உன் கார்புரேட்டர் என்னுடையதைவிடக் குறைவாக ஓடியது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அண்ணாச்சியிடம் சொல்லியாயிற்று, ஷெட்டின் ஓரத்தில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார். கண்ணாடி இரண்டையும் கழற்றித் துணியில் சுற்றி அனுப்பு, வழியில் உடைந்துவிடும்.

அன்புடன்,
உன் தக்கலை நண்பன்