சிவப்பு தெரியாத பிளேட்டும் உன் செமஸ்டரும்

பாப்பா,

ராத்திரி போனில் நீ புலம்பியதை அப்பாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு ஸ்டுடியோவுக்குக் கிளம்பிவிட்டார், பதில் எழுதுவது என் தலையில் விழுந்தது. நல்ல கேமரா கையில் இருக்கும்போது 1842-இல் வந்த சயனோடைப் என்ற நீல நிறப் போட்டோ முறையையும், 1851-இல் வந்த, கண்ணாடியில் ஈர மருந்து பூசி எடுக்கும் வெட் பிளேட்டையும் ஒரு செமஸ்டர் முழுக்க ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். எந்த போட்டோ முறையை யார் எப்போது கொண்டுவந்தார், டாகேர் 1839, டால்பாட் 1841, ஆர்ச்சர் 1851 என்று ஒப்பிக்கத்தான் இந்தப் பாடம் என்றால் எனக்கும் கோபம் வரும், அதைச் செய்ய உன் போனே போதும்.

ஆனால் வருஷத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையைப் பற்றியும் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்: இதன் கண்ணுக்கு எது தெரியாது? எனக்குத் தெரிந்த வரைக்கும் போட்டோகிராபி வரலாறு முழுக்க இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

நம் டார்க் ரூமில் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அந்தச் சிவப்பு பல்பைப் பார்த்துப் பேய் வீடு என்பாயே, அது ஏன் சிவப்பு என்று எப்போதாவது யோசித்திருக்கிறாயா? பிரின்ட் போடும் புரோமைட் பேப்பருக்குச் சிவப்பு தெரியாது, அவ்வளவுதான். நமக்கு வெளிச்சம், அதற்குக் கும்மிருட்டு. அந்த ஓட்டைக்குள் புகுந்துதான் நாங்கள் டிரேயில் பேப்பரை ஆட்டி ஆட்டி முகம் எழும்பி வருவதைப் பார்த்தோம். ஆனால் நெகட்டிவ் பிலிமைக் கழுவும்போது அந்த பல்பையும் அணைத்துவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் காலத்து பிலிமுக்கு எல்லா நிறமும் தெரியும். அது லேசில் வந்ததில்லை. ஆரம்பகால பிளேட்டுகள் எல்லாமே நீலத்தையும் அதற்கு அப்பால் நமக்கே தெரியாத ஊதாக் கதிரையும் மட்டும் பார்த்தவை. 1873-இல் வோகல் என்ற ஜெர்மன்காரர், பிளேட்டில் சாயம் சேர்த்தால் அதற்குப் பச்சையும் மஞ்சளும் தெரிய ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடித்தார். சிவப்பு வரைக்கும் பார்க்கிற பிளேட் கடைக்கு வர 1906 ஆகிவிட்டது.

அப்படியென்றால் அதற்கு முன்னால் எடுத்த படங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று யோசி. குங்குமம் கறுப்பு. மஞ்சள் பூசிய முகம் இருட்டு. வெற்றிலை போட்ட உதடு மை தடவின மாதிரி. நீல வானமும் வெள்ளை மேகமும் ஒன்றுதான், இரண்டும் சேர்ந்து வெறும் வெள்ளைத் தாள். நீ பாட்டியின் கல்யாணப் படத்தைப் பார்த்து "ஏன்மா இவ்வளவு பெரிய கறுப்புப் பொட்டு" என்பாயே, அது அசல் குங்குமம்தான், படம் எடுத்த பிளேட்டுக்குத்தான் சிவப்பு தெரியவில்லை.

லினியஸ் டிரைப் பெயர் உன் பாடத்தில் வந்திருக்க வேண்டும், வராவிட்டால் நீயே கேள். மதராஸ் அரசாங்கம் 1856-இல் வேலைக்கு வைத்த போட்டோகிராபர், ராணுவ அதிகாரி. 1858-இல் திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அப்போது இங்கிலாந்தில் வெட் பிளேட்டுக்குத்தான் மவுசு, ஆனால் அதில் கண்ணாடியில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, சில்வர் நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமும் எடுத்து டெவலப்பும் செய்து முடிக்க வேண்டும். நம்மூர் வெயிலில் அந்தக் கொஞ்ச நேரமும் கிடைக்காது. மனுஷன் மெழுகு ஏற்றிய பேப்பர் நெகட்டிவை எடுத்துக்கொண்டார், முந்தின நாளே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம், மாட்டு வண்டியில் போகும்போது உடையாது. எது புதுசு என்று பார்க்காமல் ஊருக்கு எது ஒத்துவரும் என்று பார்த்தார். கேமரா வாங்கும்போது நீயும் இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் அப்பா பர்ஸுக்கு நல்லது.

அவர் பெரிய கோயிலில் செய்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டை, சுவரை ஒட்டி கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே படமாக்கினார். இன்றைக்கு போனை ஒரு சுழற்று சுழற்றி பனோரமா எடுக்கிறாய். அவர் ஒவ்வொரு தடவையும் தூரம் மாறாமல், எழுத்தின் அளவு மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒன்று பெரிதானாலும் பக்கத்துப் படத்தோடு வரி சேராது. இன்னொன்றும் கவனி. கல்லில் வெட்டிய எழுத்துக்கு நிறம் கிடையாது, வெளிச்சமும் நிழலும்தான். நிறம் தெரியாத ஒரு கண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை இருக்கவே முடியாது என்று எனக்குத் தோன்றும். (அவ்வளவு செய்தவரின் வேலையை, செலவு அதிகம் என்று கொஞ்ச வருஷத்தில் அரசாங்கமே இழுத்து மூடியது. அது அன்றைக்கும் இன்றைக்கும் மாறவில்லை.)

அந்த வெள்ளை வானத்துக்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவ் மேல் சாயம் தொட்டு மேகம் வரைந்தார். நெகட்டிவில் எங்கே கறுப்பு ஏற்றுகிறோமோ அங்கே பிரின்ட் வெளுக்கும். பிரான்ஸில் லு கிரே என்பவர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியாக எடுத்து ஒரே பேப்பரில் சேர்த்தார். இப்போது உன் போன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து எடுத்த படங்களை ஒன்றாக்கி எச்டிஆர் என்று செய்வதும் கிட்டத்தட்ட அதுதான்.

நெகட்டிவைத் திருத்தும் டச்சிங் டேபிளில் நான் செய்ததும் டிரைப் செய்த அதே வேலை. கண்ணாடி பதித்த சாய்வுப் பலகை, பின்னால் பல்பு, நெகட்டிவ் மேல் பென்சில் பிடிப்பதற்காக மீடியம் என்ற திரவத்தைத் தடவிக் காயவிட்டு, ஊசி மாதிரி சீவின பென்சிலால் கண்ணுக்கடியில் சின்னச் சின்னக் காற்புள்ளியாகப் போட்டுக்கொண்டே வர வேண்டும், கோடாக இழுத்தால் பிரின்டில் காட்டிக்கொடுத்துவிடும். வரன் பார்க்க அனுப்பும் போட்டோ என்றால் "பொண்ணை கொஞ்சம் கலராக்கிக் கொடுங்கம்மா" என்று சொல்லாத வீடு கிடையாது. நானும் செய்து கொடுத்தேன், காசு வாங்கினேன். பிற்பாடுதான் விளங்கியது, நீலம் மட்டும் பார்க்கிற பிளேட் தோலின் சிவப்பையும் மஞ்சளையும் இருட்டாக்கி, இருக்கிற மருவையும் புள்ளியையும் இரண்டு மடங்காகக் காட்டும், அதைச் சரி செய்யத்தான் அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் இந்தப் பென்சில் வேலை பெருகியது. பிளேட் திருந்திவிட்டது, பென்சில் நிற்கவில்லை. பிளேட்டின் குறையை மறைத்த கை, அப்புறம் ஆளின் நிறத்தையே குறையாக நினைக்கப் பழகிவிட்டது.

கலர் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. கோடாக் கம்பெனி அந்தக் காலத்தில் பிரின்ட் போடும் லேப்களுக்கு ஷெர்லி கார்டு என்று ஒன்று அனுப்பி வந்தது, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம், அவள் முகம் சரியாக வந்தால் மெஷின் சரி. ரொம்ப வருஷம் அந்த முகம்தான் உலகத்துக்கே அளவுகோல். நம் மாதிரி முகங்களை அதில் யாரும் வைத்துப் பார்க்கவில்லை. இப்போது உன் போன் கேட்காமலே முகத்தை வெளுப்பாக்குகிறதே, அதையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எதையோ சரி என்று வைத்துத்தான் எழுதியிருப்பார். வெட் பிளேட் கிளாஸில் இருக்கும்போது இதை யோசித்தால் உனக்கு அது பழைய பாடமாகத் தெரியாது.

ஒரு வேலை சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை செய்து பார். ஒரு தட்டில் குங்குமம், மஞ்சள், வெற்றிலை, பக்கத்தில் உன் நீலத் துப்பட்டா, எல்லாவற்றையும் உன் கையோடு சேர்த்து எடு. போட்டோஷாப்பில் சேனல் மிக்ஸருக்குப் போய், கறுப்பு வெள்ளையாக்கி, ப்ளூவை மட்டும் நூறாக வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பூஜ்யமாக்கு. கிட்டத்தட்ட வெட் பிளேட் பார்க்கிற உலகம் அதுதான். அப்புறம் ரெட்டை மட்டும் நூறாக வைத்துப் பார், குங்குமம் விபூதி மாதிரி வெளுத்துப் போகும், உன் கையும் "கலராகிவிடும்", பென்சிலே வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிரின்ட் போட்டுச் சுவரில் ஒட்டு. உங்கள் சாரிடம் காட்டினால் இன்டர்னல் மார்க்கும் கிடைக்கும்.

சயனோடைப்பில் பயப்பட ஒன்றும் இல்லை, வெயிலில் வைத்துத் தண்ணீரில் அலசும் வேலை. அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி 1843-இல் கடல்பாசிகளை அப்படித்தான் கேமராவே இல்லாமல் பதித்தார், நீ முருங்கைக் கீரையில் ஆரம்பி, இலை சின்னதாக இருப்பதால் நன்றாக விழும்.

வெட் பிளேட்தான் எனக்குக் கவலை. சில்வர் நைட்ரேட் கையில் பட்டால் கறுத்துப் போகும், அது நாளடைவில் போய்விடும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்த ரூமுக்குள் போகாதே. படம் நிலைத்து நிற்கும்படி பிக்ஸ் பண்ண பழைய முறையில் பொட்டாசியம் சயனைடு போடுவார்கள், படம் பளிச்சென்று வரும் என்று யாராவது ஆசை காட்டினாலும் நீ தொடாதே, பிக்ஸ் பண்ண ஹைப்போ என்ற உப்பு போதும் என்று சாரிடம் சொல்லிவிடு. அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எனக்கு போன் போட்டுக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன். கெமிக்கல் கிட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று மெசேஜ் போடு, அப்பா ஜிபே பண்ணுவார்.

அம்மா