இரண்டு பாதியிலும் தேதி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

எண்ணூர் முகத்துவாரம் அன்றும் இன்றும் எப்படி இருக்கிறது என்று திரையை இரண்டாகப் பிரித்துக் காட்டும் ஒரு வீடியோ எங்கள் பகுதியில் கைபேசிக்குக் கைபேசி சுற்றுகிறது. இடப்பக்கம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்த கறுப்புத் தண்ணீர். வலப்பக்கம் பளபளக்கும் நீலத் தண்ணீர். மேலே, ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று எழுத்து. திருவொற்றியூரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து பிழைக்கிறவன் நான். பார்த்ததும் மனசு கொதித்தது. வலப்பக்கத்துக்குத் தேதியே இல்லை. ஒன்று ஆற்றுப் பக்கம் பார்த்து எடுத்தது, மற்றது கடல் பக்கம் பார்த்து எடுத்தது.

தாலி கட்டும் நேரத்தில் நாங்களும் திரையைப் பிரிப்போம். ஒரு கேமரா மணமேடையில், இன்னொன்று பெண்ணின் அம்மா முகத்தில். இரண்டு கிளிப்பையும் டைம்லைனில், அதாவது காட்சிகளை நேர வரிசையில் அடுக்கும் பட்டையில், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு டிராக்கில் போடுவோம். கெட்டிமேளம் தொடங்கும் இடத்தில் இரண்டு ஒலி அலையும் சட்டென்று எழும்பும். அந்த இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தினால் காட்சி பொருந்திவிடும். அப்புறம் 1920-க்கு 1080 ஃபிரேமில் பாதிக்கு 960 பிக்சல் அகலம். வேண்டிய பகுதியை கிராப் செய்து நகர்த்தி வைக்க வேண்டும். நசுக்கித் திணித்தால் முகம் ஒல்லியாகிவிடும். கேடென்லைவ், ஷாட்கட் போன்ற இலவச மென்பொருளிலேயே இவ்வளவும் முடியும்.

அங்கே நேரம் ஒன்றுதான், அதனால் பார்க்கிற இடம் இரண்டாக இருக்கலாம். அன்றும் இன்றும் என்று காட்டும்போது நேரம் இரண்டு. அப்போது இடமும் திசையும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும். எல்லாமே வேறு வேறு என்றால் அதை ஒப்பீடு என்று எப்படிச் சொல்வது?

முகத்துவாரத்தில் அது மட்டும் போதாது. கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான். வற்றும்போது கரைச்சேறு வெளியே தெரியும், ஏறும்போது அதை மூடிக்கொண்டு கடல்நீர் உள்ளே வரும். இந்த நேரமும் நாளுக்கு நாள் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். ஆகவே இரண்டு நாளும் காலை எட்டு மணிக்கே எடுத்தேன் என்று ஒருவர் சொன்னாலும் தண்ணீர் ஒரே நிலையில் இருந்ததாக ஆகாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வித்தியாசம் இன்னும் கூடும். தாழங்குப்பத்தில் தொழிலுக்குப் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நிறமும் அப்படித்தான். புயல் மேகத்தின் கீழே தண்ணீர் கருக்கும், வெயிலில் வானத்தின் நீலத்தை வாங்கிக்கொள்ளும். போதாததற்கு சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அழுத்தத்தை, ஒரு பாதியில் மட்டும் ஏற்றினால் கலங்கல் தண்ணீரையும் நீலமாக்கிவிடலாம். நிறத்தைத் தொடாமல் விடுவதே நல்லது. தொட்டால் இரண்டு பாதிக்கும் ஒரே அளவு.

ஆறு தேறியிருந்தால் என்னைவிட மகிழ்கிறவர் இருக்க முடியாது. அந்த எண்ணெயை வாளி வாளியாகக் கையால் அள்ளியவர்கள் எங்கள் பக்கத்துக் குப்பத்துக்காரர்கள். தேறியது என்றாலும் தேறவில்லை என்றாலும் அவர்கள் பிழைப்பைத் தொடுகிற பேச்சு அது. ஆதாரம் இல்லாத நீலத்தைக் காட்டி அதை முடித்துவைக்கக் கூடாது. சேற்றை மட்டும் தேடி எடுத்துப் பயமுறுத்துவதும் எனக்கு உடன்பாடில்லை. அன்று மீன் விற்காமல் நின்றவர்களும் அவர்கள்தானே.

எங்கள் பகுதிப் பிள்ளைகள் எடுக்க நினைத்தால் பாலத்தூண் ஒன்றை அடையாளமாக வைத்துக்கொள்ளட்டும். எடிட்டிங்கில் பழைய கிளிப்பை மேல் டிராக்கில் போட்டு அதன் ஒபாசிட்டியைப் பாதியாகக் குறைத்தால், அடியில் இருக்கும் புதிய கிளிப்பும் ஊடுருவித் தெரியும்; தூணோடு தூண் பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். அதன் பிறகு வெட்டலாம்.

வாசகர்கள் அனுப்பும் வீடியோக்களை உங்கள் இணையதளத்தில் வெளியிடுகிறீர்கள். இப்படிப்பட்டது வந்தால் தேதி, நேரம், நின்ற இடம், பார்த்த திசை நான்கும் ஒவ்வொரு பாதிக்குள்ளேயும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று கேளுங்கள். கீழே குறிப்பாகப் போட்டால் பகிரும்போது உதிர்ந்துவிடும். வெட்டாத மூலக் கிளிப் இரண்டையும் வாங்கிப் பாருங்கள். தர மறுப்பவரின் வீடியோவை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
வீடியோ எடிட்டர் ஒருவர்,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர்.