பள்ளிவாசல் சுண்ணாம்பு வேலை: ஞாயிறு கூட்டம்

அஸ்ஸலாமு அலைக்கும். ரமலானுக்கு முன்னாடி நம்ம பள்ளியில பூச்சு வேலை. வர்ற ஞாயிறு காலை 10 மணிக்கு வெளிப்பள்ளியில கூட்டம், வீட்டுக்கு ஒருத்தர் அவசியம் வரணும்.

1. உள்பள்ளிக்கு எமல்ஷன் பெயிண்ட் வாங்கித் தர்றதா சிலர் சொல்லியிருக்கீங்க. நல்ல மனசு, ஆனா வேண்டாம். அது செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர். ஈரத்தை இழுத்து வெளியே விடணும். மேலே பெயிண்டோ சிமெண்டோ அடைச்சா உப்பு பூத்து உதிரும். மிஹ்ராபுக்கு (இமாம் நின்னு தொழவைக்கிற மாடம்) வலப்பக்கம் சிமெண்ட் பூசின இடத்துல கை வச்சுப் பாருங்க, தவிடு மாதிரி கொட்டுது.

2. கடுக்காய், வெல்லத் தண்ணி விட்டு அரைச்ச சுண்ணாம்புதான் பூசப்போறோம். நம்ம ஊர் பெரிய வீடுகள்ல வழுவழுப்புக்காக மேல்பூச்சுல முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பாங்க. பள்ளிக்கு அந்தச் செலவு வேண்டாம்ங்கிறது என் அபிப்பிராயம். மாற்றுக் கருத்து இருந்தா கூட்டத்துல பேசுங்க.

3. கல்தூண்ல இருக்கிற ஆயில் பெயிண்டை யாரும் கத்தியால சுரண்டாதீங்க. பெயிண்டுக்கு அடியில பூவும் கொடியும் செதுக்கியிருக்கு. கீழக்கரை, காயல்பட்டினம் பழைய பள்ளிகள்லயும் இதே மரபுதான்: கோயில் மண்டபம் கட்டுற அதே தமிழ்க் கல்தச்சு வேலை, மனுஷ, மிருக உருவம் மட்டும் இருக்காது.

4. பள்ளி முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு பார்க்கணும், பழைய கல்யாண ஆல்பத்துல பள்ளி தெரிஞ்சா கொண்டு வாங்க. மலேசியா, சிங்கப்பூர் மச்சான்மார் போட்டோ எடுத்து இந்த குரூப்லயே போடலாம்.

5. வீட்டுல மிஞ்சின ஆத்தங்குடி கல் (தரையில பதிக்கிற பூக்கல்) இருந்தா சொல்லுங்க, ஹவுல் (ஒளு செய்ற, அதாவது தொழுகைக்கு முன்னாடி கை கால் கழுவுற தண்ணித் தொட்டி) பக்கம் தரை உடைஞ்சு கிடக்கு.

சனிக்கிழமை இஷா (இரவுத் தொழுகை) நேரத்துக்குள்ள 'வர்றேன்'னு பதில் போடுங்க. அதுவரைக்கும் ஃபார்வர்டு மெசேஜ் வேண்டாம்.