கையில் மண் பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பக்கம் வீட்டுத்தோட்டம் சொல்லிக்கொடுக்க முன்வரும் தொண்டர்களுக்கு மண்டபத்தில் விரிவுரை மட்டும்தான் நடக்கிறது. மட்டக்களப்பின் கல்லாறு, ஆரையம்பதிக் கரையோரம் மணல் நிலம். ஊற்றிய தண்ணீர் நிற்காது. அதில் எவ்வளவு கூட்டெரு கலப்பது என்பது கையில் மண் பட்டால்தான் பிடிபடும். கிளிசரியா (சீமைக்கிளுவை) இலையும் சாணமும் அடுக்கிய கூட்டெருக் குவியலில் கம்பைச் செருகி எடுத்து, அதன் சூட்டைத் தொட்டுப் பார்த்தவர்தான் எப்போது புரட்டுவதென்று அடுத்தவருக்குச் சொல்ல முடியும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, இதைக் காட்டித்தர ஆளில்லாமல் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மாரி தொடங்குமுன், விவசாயப் போதனாசிரியர்கள் ஒரு வளவைத் தெரிந்தெடுத்து, நான்கு சனிக்கிழமைகளாவது இந்தத் தொண்டர்களோடு மண்வெட்டி பிடிக்கட்டும். பெண்கள் வரக்கூடிய நேரமாகவும் பார்த்து வையுங்கள்.

வாசகர்,
களுவாஞ்சிக்குடி