பேக்கரியில் வெந்த வாத்து

லண்டன்
டிசம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவின் முட்டுவலி குறைந்ததா? போன வாரம் பேசும்போது, "கிறிஸ்துமஸ் வந்த மாதிரியே இல்லை" என்று அலுத்துக்கொண்டாய். இங்கே கடைவீதியெல்லாம் நவம்பரிலிருந்தே விளக்கு. ஆனாலும் மாலை நான்கு மணிக்குள் பொழுது அடைந்துவிடுகிறது. இருட்டில் டூட்டிக்குப் போகிறேன், இருட்டில் திரும்புகிறேன். எனக்கும் பண்டிகை வந்த மாதிரி இல்லைதான், இந்தப் புத்தகம் கையில் கிடைக்கும் வரை.

பார்சலில் பிள்ளைகளின் ஸ்வெட்டருக்கு அடியில் வைத்திருக்கிறேன். சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்'. பழைய சாமான் கடையில் ஒரு பவுண்டுக்கு வாங்கியது; அட்டை கொஞ்சம் கிழிந்திருக்கும், பொறுத்துக்கொள். சின்னக் கதைதான், இரண்டு ராத்திரியில் முடித்துவிடலாம். 1843 டிசம்பர் 19 அன்று வெளிவந்து, அச்சடித்த 6,000 பிரதிகளும் பண்டிகைக்கு முன்பே விற்றுப்போயினவாம்.

ஸ்க்ரூஜ் என்று ஒரு கிழவர், எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். பண்டிகைக்கு முந்தின இரவு, செத்துப்போன கூட்டாளியின் ஆவி வருகிறது. அதன் பின்னே இன்னும் மூன்று ஆவிகள். பேய்க்கதையா என்று அம்மா முகம் சுளிப்பார். பேயைப் பெரிதாக எண்ண வேண்டாம் என்று சொல். எனக்குப் பிடித்தவன் ஸ்க்ரூஜிடம் கணக்கெழுதும் பாப் கிராட்சிட். வாரத்துக்கு 15 ஷில்லிங் சம்பளம். நிலக்கரிப் பெட்டியை முதலாளி தன் அறையிலேயே வைத்துக்கொள்வதால், பாவம், மெழுகுவர்த்தியில் குளிர்காயப் பார்க்கிறான். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரரும் ஹீட்டர் பொத்தானைத் தன் பகுதியில்தான் வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தை இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படித்தேன்.

நீ பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டியது பாப் வீட்டுக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டை. அவர்கள் வாத்து (நம் ஊர் வாத்தைவிடப் பெரிய சாதி) வாங்குகிறார்கள். அந்தக் காலத்து ஏழை வீடுகளில் அதை வேகவைக்கும் அளவுக்கு அடுப்பு ஏது? ரொட்டி சுடுகிறவரிடம் கொடுத்துவிடுவார்கள். பாப் வீட்டுச் சின்னதுகள் இரண்டும் அந்தக் கடை வாசலில் வாசனை பிடித்து, அது தங்கள் வாத்தேதான் என்று கத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருகின்றன. அக்கா, அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பாளையங்கோட்டையில் நாம் கேக் மாவைக் கலந்து பேக்கரியில் கொடுத்துவிட்டு வாசலில் நின்றது நினைவிருக்கிறதா? தகரத்தில் அப்பா சாக்பீஸால் எழுதின எழுத்து சூட்டில் அழிந்துபோய், எது நம் கேக் என்று நீ முகர்ந்து பார்த்துச் சண்டை போட்டாயே!

புட்டிங்கைத் துணியில் கட்டி, சலவைக் கொப்பரையில் வேகவைக்கிறாள் பாபின் மனைவி. வெந்து முடிப்பதற்குள் யாராவது சுவர் ஏறித் திருடியிருப்பார்களோ என்று ஒரு பயம் வேறு. அத்தனை பேருக்கு அது சின்னப் புட்டிங்தான்; ஆனால் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. ஊன்றுகோல் ஊன்றும் அவர்கள் பிள்ளை சின்ன டிம்மைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, நீயே படி.

டிக்கன்ஸுக்குப் பசி கேள்விப்பட்ட சங்கதி இல்லை. 1824-இல் அவர் அப்பா கடனுக்காகச் சிறையில் இருந்தபோது, 12 வயதுப் பையனான அவர் காலணி மை டப்பாவுக்கு லேபிள் ஒட்டினார். கிராட்சிட் குடும்பத்தைக் குடிவைத்த கேம்டன் டவுனில்தான் சின்ன வயதில் அவரும் இருந்தார். நான் தினமும் பஸ்ஸில் அந்தப் பக்கமாகத்தான் போகிறேன்.

கஞ்சக் கிழவர் ஸ்க்ரூஜ் ஒரே இரவில் இப்படித் தாராள மனசுக்காரராக மாறுவாரா என்று உன் பெரியவன் கேட்பான். எனக்கும் அதில் முழு நம்பிக்கை இல்லை. ஆனாலும் கடைசி அத்தியாயத்தில் அவர் சிரிக்கும்போது நானும் சிரித்துவிட்டேன்.

25-ஆம் தேதி எனக்கு டூட்டி. அன்று லண்டனில் பஸ்ஸும் ரயிலும் ஓடாது, கேம்டன் வழியாக நடந்துதான் போக வேண்டும். நீங்கள் கோவிலிலிருந்து திரும்பியதும் தொலைபேசியில் கூப்பிடு. இந்த வருடம் தகரத்தில் பெயரைச் சாக்பீஸால் எழுதாதே, ஆணியால் கீறிவிடு.

அன்புடன்,
உன் தங்கை